ஐந்தாம் நம்பர் ஃப்ளாப்பி

எங்கள் ஆபீஸில் என் வேலைக்குப் பெயர் மூட்டை கட்டுவது. விசிட்டிங் கார்டு அடித்திருந்தால் கௌரவமாக வேறு ஏதாவது போட்டிருப்பார்கள். கார்டு அடிக்கிற அளவுக்கு அது ஆபீஸும் இல்லை. கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகும் சாலையில், ரைஸ் மில்லுக்கு பெல்ட்டும் பேரிங்கும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இரண்டு ரூம். ஒன்றில் சார் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவார். இன்னொன்றில் நான் உட்கார்ந்து அவர் எழுதியதை மூட்டை கட்டுவேன். ஜன்னலைத் திறந்தால் தவிட்டுத் தூசு வரும், மூடினால் புழுக்கம். கம்ப்யூட்டருக்குத் தூசு ஆகாது என்பதால் புழுக்கத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

சார் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தவர். அரிசி மில், ஜவ்வரிசி மில், கூட்டுறவுச் சங்கம் என்று சுற்றுவட்டாரத்துக் கணக்குக்கெல்லாம் அவர் புரோகிராம் எழுதினார். எழுதுவதில் கெட்டிக்காரர். எழுதியதை அடுத்தவர் மிஷினில் போய் ஓட வைப்பதற்குத்தான் அவருக்குப் பொறுமை கிடையாது. "என் மிஷின்ல ஓடுது, உங்களுதுல ஏன் ஓடல?" என்று பணம் கொடுத்தவரையே அதட்டுவார். அவருடைய அந்தக் குணத்தால்தான் எனக்கு வேலை கிடைத்தது.

ஒரு புரோகிராம் என்றால் ஒரே ஒரு ஃபைல் என்று வெளியில் நினைப்பார்கள். உள்ளே ஒரு பட்டாளமே இருக்கும். மெயின் ஃபைல், அது கூப்பிட்டால் ஓடிவர வேண்டிய சின்னச் சின்ன ஃபைல்கள், காலியான டேட்டா ஃபைல்கள், ரசீது அடிக்கும் அமைப்பு, பிரிண்டருக்கானது, தமிழ் எழுத்துக்கானது. ஒன்று விட்டுப்போனாலும் அங்கே போய்ப் பல்லை இளிக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஜிப் செய்து அமுக்கி, அப்படியும் உள்ளங்கை அகல ஃப்ளாப்பி டிஸ்க் ஒன்றில் அடங்காது என்பதால் துண்டு போட்டு வரிசையாக ஃப்ளாப்பிகளில் இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி ஒட்டுவேன். பிரிக்கும்போது அது கடைசி ஃப்ளாப்பியைத்தான் முதலில் கேட்கும். மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்ற விவரம் அதில்தான் இருக்கும். அதைப் பார்த்துத் திருப்தியானபிறகு ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கேட்கும். நடுவில் ஒன்று படிக்கவில்லையென்றால் மற்றவை எல்லாம் நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை.

ரூம் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு சார் வைத்த பெயர் மொட்டை. அதில் எதுவுமே இருக்காது. ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் அழித்து, புதிதாக வாங்கிவந்தது போல ஆக்கி, என் மூட்டையை அதில் பிரித்துப் பார்ப்பேன். மொட்டையில் ஓடினால் எங்கேயும் ஓடும். ஓடிவிட்டால் எனக்கு அன்றைக்கு முழுக்கப் பசியே இருக்காது. இப்போது என் போனில் புரோகிராம்கள் தாங்களாகவே வந்து இறங்கி, தாங்களாகவே பிரிந்து, தாங்களாகவே உட்கார்ந்துகொள்கின்றன. என்னை ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு அது பிடிக்கத்தான் இல்லை. அந்த மேல்மாடியும், புது ஃப்ளாப்பி டப்பாவைத் திறக்கும்போது வரும் பிளாஸ்டிக் வாசனையும், டிரைவ் ஃப்ளாப்பியை விழுங்கும் 'டக்' சத்தமும் வேண்டும் என்று சில நாள் மனது அடித்துக்கொள்ளும்.

எங்கள் ஊர் நைனார்பாளையம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, ஒரு மோட்டார், இரண்டு மாடு. என்னைப் படிக்க வைத்ததில் அவருக்குக் குறையில்லை. வேலைக்குப் போவதில்தான் தொல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் வந்து பஸ் மாறி ஊருக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். பொண்ணு பொழுது போய் வருகிறது என்று ஊரில் ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவிடம் யாரும் நேராகச் சொல்லவில்லை. அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்று சொன்னார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா தட்டைப் பார்த்தபடி, "ஆயுத பூஜையோட நின்னுடும்மா" என்றார். நான் எழுந்து போய்விட்டேன். சோறு அப்படியே இருந்தது.

அவருக்கு என் வேலை என்னவென்றே பிடிபடவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு தடவை ஃப்ளாப்பியை வீட்டுக்கு எடுத்துவந்து காட்டினேன்.

"இதுல இன்னாம்மா பண்றீங்க?" என்றார்.

"பெருசா இருக்கறத அமுக்கிச் சின்னதாக்கி இதுக்குள்ள போடறோம்ப்பா."

உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். "எடை ஒண்ணும் ஜாஸ்தி தெரியலியே."

"எடையெல்லாம் இருக்காதுப்பா."

"அப்ப உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொல்லு."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்வராயன் மலையிலிருந்து ஒரு வேலை வந்தது. மலைக்காரர்கள் கொண்டுவரும் கடுக்காய், புளி, தேன், சாமையெல்லாம் வாங்கி விற்கும் ஒரு சங்கம். புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. சங்கத்துச் செயலாளர் விஜயதசமி அன்றைக்குக் கணக்கைத் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். புரோகிராமை மலையில் போய் ஏற்றிக் கொடுக்க சார் என்னைத்தான் நினைத்திருந்தார். நான் நிற்கப்போகிறேன் என்றதும் ஸ்கூட்டரைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா மோர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார்.

"மலை வேலை ஒண்ணு மட்டும் முடிச்சுக் குடுக்கட்டுங்க. அவங்க கட்டுனத அவங்கதான் பிரிக்கணும். எனக்கு வராது" என்றார் சார்.

அப்பா மோர்ச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தார். "அது ஒண்ணு, தம்பி. அத்தோட சரி. நானும் கூடப் போவேன்" என்றார்.

அந்த மூட்டையை நான் கட்டியதுபோல வேறு எதையும் கட்டியதில்லை. கடைசி மூட்டை என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அது ஒழுங்காகப் பிரிந்து, மலையில் இருப்பவர்கள் நான்கு பேர் அவர் முன்னால் என்னை மெச்சினால் மனசு மாறிவிடுவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மொட்டையில் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். ஏழு ஃப்ளாப்பி வந்தது. அதைப் பார்த்து மலைக்கு எடுத்துப்போக ஒரு செட்டும், அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு செட்டும் போட்டேன். மூலச் செட்டை சார் பீரோவில் வைத்துப் பூட்டினார். என் இரண்டு செட்டையும் டப்பாவில் போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீட்டுக்கு எடுத்துவந்து அலமாரியில் வைத்தேன். பூஜைக்கு மறுநாள் விடியற்காலையில் வீட்டிலிருந்தே மலைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

எங்கள் வயலில் நின்றால் மேற்கே அந்த மலை நீலமாகத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் மலைக்கு அப்பா ஒருதரம்கூடப் போனதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதும் ஜன்னல் ஓரத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். "எவ்ளோ மரம் பாரு. எவ்ளோ தண்ணி வீணாப் போவுது பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் முன் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். டப்பா என் மடியில் இருந்தது. இது முடிந்தால் இந்த மனிதர் என்ன சொல்வாரோ என்றே எனக்கு நினைப்பு ஓடியது.

சங்கத்து ஆபீஸ் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம். ஒரு பக்கம் கடுக்காய் மூட்டைகள், ஒரு பக்கம் புளி, நடுவில் மேசைமேல் புதுக் கம்ப்யூட்டர். மானிட்டருக்கு விபூதிப் பட்டை போட்டு நடுவில் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை சாத்தியிருந்தார்கள். செயலாளர் வெள்ளைச் சட்டையில் காத்துக்கொண்டிருந்தார். கூட வேலை பார்க்கும் கிளார்க் அக்கா எங்களுக்கு வரக்காப்பி கொண்டுவந்தார். அப்பா புளி மூட்டைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தேன்.

ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. ஃப்ளாப்பியில் பளபளவென்று ஒரு இரும்புத் தகடு இருக்கும். டிரைவுக்குள் போனதும் அந்தத் தகடு நகர்ந்து வழிவிடும், அதற்குள்தான் எல்லாமே இருக்கிறது. பொட்டு சரியாக அந்தத் தகட்டின் நடுவில் இருந்தது. ஈரச் சந்தனம் தகட்டு ஓரமாக இறங்கி உள்ளே போய்க் காய்ந்திருந்தது. இரண்டு செட்டிலும் ஒன்றுவிடாமல் வைத்திருந்தது.

"யாருப்பா இதுல பொட்டு வெச்சது?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"நான்தான்" என்றார் அப்பா. "ஏரு, மம்பட்டி, மோட்டாரு, எல்லாத்துக்கும் வெச்சேன். உன்னுது மட்டும் மூளியா இருக்கணுமா?"

"கெடுத்துட்டப்பா. மொத்தத்தையும் கெடுத்துட்ட." அத்தனை பேர் எதிரில் அப்படிச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. எங்கே தப்பு என்று அவருக்குப் புரியவில்லை. செயலாளருக்கும் புரியவில்லை, ஏனென்றால் அவரும் அன்று காலையில்தான் கம்ப்யூட்டருக்குப் பட்டை போட்டிருந்தார்.

கிளார்க் அக்கா தாவணித் துணி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு தகட்டையும் நகத்தால் மெல்ல நகர்த்தி, ஊதி, துடைத்து, டிரைவில் விட்டேன். ஏழாம் நம்பர் படித்தது. ஒன்று படித்தது. இரண்டாம் நம்பர் கரகரவென்று முனகிவிட்டு முடியாது என்றது. இன்னொரு செட்டின் இரண்டைப் போட்டேன், படித்தது. மூன்று, நான்கு போயிற்று. ஐந்தாம் நம்பர் படிக்கவில்லை. இன்னொரு செட்டின் ஐந்தாம் நம்பரில் தகடு அசையவே இல்லை. சந்தனம் பசைபோல ஒட்டியிருந்தது. வலுக்கட்டாயமாகத் திறந்தபோது உள்ளே கறுப்பு ஃபிலிமில் மஞ்சளாக ஒரு கறை. அவ்வளவுதான். ஆறாம் நம்பரைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன், அது படித்தது. ஒரே ஒரு ஃப்ளாப்பியால் மூட்டை பிரியாமல் நின்றது.

சங்கத்தில் போன் இருந்தது. சாரைக் கூப்பிட்டேன். "பொட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். மூலச் செட் பத்திரமாக இருக்கிறது, நாளைக்கு ஒரு மில்லில் வேலை ஒத்துக்கொண்டிருக்கிறேன், அதற்கடுத்த நாள் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். போனை வைத்துவிட்டுச் சொன்னேன். செயலாளர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது. நான் கட்டிய மூட்டை அப்பாவின் கண்ணெதிரே பிரியவில்லை. இனி எதை வைத்து அவரிடம் பேசுவது?

அப்பா பெஞ்சிலிருந்து எழுந்தார். "எந்த நம்பரு?"

"அஞ்சு."

"அது ஒண்ணு வந்தா போதுமா?"

"போதும்ப்பா."

"கீழ போற பஸ்ஸு எப்பங்க?" என்று செயலாளரைக் கேட்டார்.

"இருப்பா, நானும் வரேன். ரெண்டு பேருமே போயிட்டுக் காலையில வரலாம்" என்றேன்.

"ஒரு பிளாப்பிய எடுத்தாற ரெண்டு பேரா? நீ மிச்ச வேலையப் பாரு." கிளார்க் அக்காவைப் பார்த்தார். "பொண்ணு ராத்திரிக்கு..."

"எங்க வூட்லதாங்க இருக்கும். நீங்க போய்ட்டு வாங்க" என்றார் அக்கா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மலைக்குத் தனியாக விடமாட்டேன் என்று கூட வந்தவர், என்னை மலையிலேயே விட்டுவிட்டுப் போனார். இருந்த கோபத்தில் அப்போது எனக்கு அதுகூட உறைக்கவில்லை.

நல்ல நாள் வீணாகக் கூடாதே என்று செயலாளருக்கு மௌஸைக் கையில் கொடுத்து, படம் வரையும் புரோகிராமைத் திறந்து பிள்ளையார் சுழி போடச் சொன்னேன். திரையில் ஒரு மண்புழு நெளிந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். கிளார்க் அக்கா போட்டார். கடுக்காய் கொண்டுவந்து இறக்கிய ஒரு பெரியவர் போட்டார், அவருடையதுதான் இருப்பதிலேயே ஒழுங்காக இருந்தது. "கணக்கு தொடங்கியாச்சு" என்று செயலாளர் சர்க்கரைப் பொங்கலை எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு அக்காவுக்கு கீபோர்டில் விரல் வைக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் பனி இறங்கியபோதுதான் அந்தப் பொட்டைப் பற்றி நிதானமாக யோசித்தேன். நிற்கச் சொன்ன வேலையின் சாமானை எதற்கு எடுத்து ஏருக்கும் மம்பட்டிக்கும் பக்கத்தில் வைத்தார்? நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அலமாரியைத் திறந்து, பையைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டு வைத்து, நம்பர் மாறாமல் அப்படியே அடுக்கி, முன்பு இருந்தது போலவே சுற்றி வைத்திருக்கிறார். அப்படியென்றால் மனசு மாறியிருக்குமோ என்று ஒரு ஆசை வந்தது. உடனே அதற்கு நானே தண்ணீர் ஊற்றினேன். விற்கப்போகிற மாட்டுக்கும் பொங்கலன்றைக்குப் பொட்டு வைக்கிற மனிதர் அவர். அவரைப் பற்றி அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டை கசங்கி, கண் சிவந்து, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு ஒரு டிபன் டப்பாவைப் பிடித்தபடி வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே புதுத் துணியில் சுற்றிய ஒற்றை ஃப்ளாப்பி.

"உங்க ஆபீஸ்ல தம்பி சொல்லுச்சு, ஈரம் ஆவாது, வெயிலு ஆவாது, காந்தம் கிட்டவே போவக்கூடாதுன்னு. ஸ்பீக்கருல காந்தம் இருக்குதாமே. பஸ்ஸுல என் தலைக்கு மேலதான் ஸ்பீக்கரு. பாட்டை நிறுத்துய்யான்னேன், டிரைவரு கேக்கல. வழி பூரா பின்னாடி போய் நின்னுக்கினே வந்தேன்" என்றார்.

அதை வாங்கி மற்றவற்றோடு வரிசையில் வைத்துவிட்டுப் பிரிக்கத் தொடங்கினேன். ஏழாம் நம்பரைக் கேட்டது, கொடுத்தேன். ஒன்றிலிருந்து வரிசையாகக் கேட்டது. ஐந்தைக் கேட்டபோது டிபன் டப்பாவில் வந்ததை உள்ளே விட்டேன். அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், அவர் மூச்சு எனக்குக் கேட்டது. விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. பிறகு அது ஆறைக் கேட்டது.

புரோகிராம் திறந்ததும் சங்கத்தின் பெயர் தமிழில் பெரிதாக வந்தது. கிளார்க் அக்கா ஒரு விரலால் முதல் பெயரைத் தட்டினார். பிரிண்டர் கத்திக்கொண்டு ரசீதைத் தள்ளியது. செயலாளர் அதைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மலையில் இன்னும் சில சங்கங்களுக்கு இதே வேலை வரும் என்றும், உங்கள் பெண்ணையே அனுப்பச் சொல்வோம் என்றும் அப்பாவிடம் சொன்னார். நான் திரும்பவில்லை. அத்தோட சரி என்ற வார்த்தைக்குக் காத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஊருங்களுக்கெல்லாம் பஸ்ஸு போவுதுங்களா?" என்றார் அப்பா.

"ரெண்டு ஊருக்குப் போவுதுங்க. மத்ததுக்கு ஜீப்புதான். கொஞ்சம் நடக்கவும் நடக்கணும்."

"நடக்கட்டும். நடந்தா இன்னா?" என்று சொல்லிவிட்டு அப்பா துண்டை எடுத்தார். பத்து மணி பஸ் வாசலில் ஹாரன் அடித்தது. நானும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்கார் என்றார்.

"உனக்கு வேலை முடியலியே. நான் போய் மாட்டக் கறக்கணும். நீ முடிச்சுக்கினு கடைசி பஸ்ஸுக்கு வா."

பஸ் நகரும்போது வாசல் வரைக்கும் ஓடினேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற செயலாளரைத்தான் பார்த்தார்.

"பொழுது போச்சுன்னு பொண்ண அவசரப்படுத்தாதீங்க" என்று கத்தினார். "வேலை கெட்டுடும்."